ஓலையா, நாரா, பாசியா, வைக்கோலா? ராமநாதபுரம் கரையில் கழிவிலிருந்து பொருள் செய்ய எது தோது

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணன், திருவாடானையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் ஒரு தம்பி, மண்டபம் அருகே பாசி வளர்க்கும் மகளிர் குழுவை நடத்தும் ஒரு அக்கா. "வீணாகப் போகிறதை வைத்து பிளாஸ்டிக், தெர்மாகோல், பிளைவுட்டுக்குப் பதிலாக ஏதாவது செய்யலாம்னு இருக்கோம். எதில் இறங்கலாம்?"

ஆள் ஆளுக்கு ஒரு வீடியோ பார்த்திருந்தார்கள். ஒருவருக்குக் கடற்பாசிப் பை, இன்னொருவருக்குக் காளானில் செய்த பெட்டி. நானும் ஆறு வருடத்துக்கு முன் இப்படி ஒரு வீடியோவைப் பார்த்துதான் வைக்கோலில் இறங்கி, கைக்காசை விட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் கசப்பு தட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

## முதலில் எதை வைத்து அளப்பது

அந்தக் கழிவு இப்போது யாருடையது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கழிவு என்று நாம் சொல்வதில் பாதி, கழிவே கிடையாது. வைக்கோல் மாட்டுக்குப் போகிறது, உமி செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக் கொதிகலனுக்கும் போகிறது, சிரட்டை கரி வியாபாரிக்கு, மிளகாய்ச் செடியின் காய்ந்த மார் அடுப்புக்கு. அறுப்பு முடிந்த புஞ்சையில் மிச்சம் இருப்பதை ஆடு மேய்கிறது. நீங்கள் போய் விலை கேட்கும் நாள் வரைதான் அது கழிவு. நிறைய வேண்டும் என்று சொன்ன மறுநாளே அதற்கு விலை முளைத்துவிடும். மாட்டுக்காரரோடு ஏலம் போட்டு ஜெயிக்க முடியுமா என்பதுதான் உண்மையான கணக்கு.

உப்பும் ஈரமும். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற நாளெல்லாம் வெயில், காயவைக்கக் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் கரைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. பங்குனி வெயிலில் மொறுமொறுப்பாக இருந்த பொருள் கார்த்திகையில் பூஞ்சை பூத்து நிற்கும்.

நல்ல தண்ணீர். ஒரு பொருளை 'கழுவி எடுக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் நாம் அங்கேயே நிறுத்திப் படிக்க வேண்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு காவிரித் தண்ணீருக்கு நிற்கிற ஊர் நம்முடையது. ஆழ்துளைக் கிணற்றில் வருவது பல இடங்களில் உவர்.

பசை எது? நார், தூள், சக்கை எதுவானாலும் அதை ஒரு வடிவத்தில் நிறுத்துவது பசைதான். வணிகத் துகள் பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. அதைப் போட்டால் பலகை உறுதியாக வரும், ஆனால் மக்காது, ஃபார்மால்டிஹைடு வாடையும் கசிந்துகொண்டே இருக்கும். அப்புறம் எதற்கு 'இயற்கை' என்று லேபிள்? புளியங்கொட்டை மாவு, மரவள்ளி மாவு, மைதா எல்லாம் நல்ல பசைதான். ஆனால் தண்ணீர் பட்டால் இளகும், பூச்சியும் தேடி வரும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்கும் பூஞ்சைக்கும்தான். சோறு படும் பொருளில் அதை நினைத்தே பார்க்கக்கூடாது.

யார் வாங்குவார்கள், என்ன காகிதம் கேட்பார்கள்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரு பட்டியல். ராமேசுவரத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் சந்தை கண்முன்னே நிற்கிறது. ஆனால் உணவைத் தொடும் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதியல் விதிகள் வந்துவிடும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று பெயர் போட்டு விற்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். இயற்கையாக விளைந்ததாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. பாக்குமட்டைத் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கில் உள்ள ஆல்கலாய்டுகள் சாப்பாட்டில் இறங்கலாம் என்று 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதன் மேல் எச்சரிக்கை விட்டது.

அவசரக்காரர்களுக்காக ஒரு அட்டவணை. இதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

| மூலப்பொருள் | செய்யக்கூடியது | மூலப்பொருளுக்குப் போட்டி | நல்ல தண்ணீர் | முதலீடு | கார்த்திகை ஈரம் |
|---|---|---|---|---|---|
| பனை | பெட்டி, தும்பு, நார்ப் பலகை | குறைவு. ஏறுவதற்கு ஆள்தான் இல்லை | மிகக் குறைவு | குறைவு | ஓலை பூக்கும், தும்பு தாங்கும் |
| தென்னை | நார்க்கழிவுக் கட்டி, பசையில்லாப் பலகை | நடுத்தரம் | கட்டிக்கு மிக அதிகம் | பலகைக்கு மிக அதிகம் | தாங்கும் |
| கடற்பாசி | படலம், சின்னப் பொட்டலம் | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | பிசுபிசுக்கும் |
| வைக்கோல் | காளான் இழைப் பொதி | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | உறிஞ்சும் |
| வேலிக்கருவை | கரித்தூள் கட்டி, மண்கரி | நடுத்தரம் | குறைவு | குறைவு | தாங்கும் |

## பனை

நான் முதலில் நிறுத்தும் பொருள் இது. புதுசாக ஒன்றுமில்லையே என்று அந்தத் தம்பி முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

பனை ஒரு பொருள் அல்ல, ஐந்தாறு பொருள். குருத்தோலை வெளுப்பாக, மெல்லியதாக, முடைவதற்கு வளையும். சாரோலை முரடு, கூரைக்கும் வேலிக்கும் ஆகும். மட்டையிலிருந்து உரிக்கும் நாரில் கடகம் முடைவார்கள், கட்டில் பின்னுவார்கள். மட்டையின் அடிப்பகுதியைத் தட்டி எடுக்கும் தும்பு பிரஷ்ஷுக்கும் துடைப்பத்துக்கும் ஏற்றுமதியாகிறது. அப்புறம் பன்னாடை. யாரையாவது திட்ட மட்டும் அதன் பெயரை எடுக்கிறோம். ஆனால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக இயற்கையே நெய்து வைத்த வலை அது. கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்துப் படகு செய்கிறார்களே, அதே வேலைக்கு, அவ்வளவு பாரம் தாங்கத் தேவையில்லாத இடத்தில், பன்னாடை இழையை அடுக்காகப் போடலாம். விளக்குக் கூடு, தட்டுப் பலகை, சுவர்ப் பலகை மாதிரி. புதுப் பொருள் வடிவமைக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் கை வைக்க வேண்டிய இடம் பன்னாடைதான் என்பது என் எண்ணம்.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டிக்கு ஏறும் ஆட்கள் இருக்கிற இடத்தில் மட்டையும் பன்னாடையும் மரத்தடியிலேயே குவியும். போட்டிக்கு ஆள் இல்லை. உவர் மண்ணிலும் வறட்சியிலும் மரம் நிற்கும். தண்ணீர் கிட்டத்தட்ட வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு ஆள்தான். பனையேறிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும், அதைச் சீவவே தனியாகக் கூலி. குருத்தோலைக்கு ஆசைப்பட்டு ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டினால் மரம் சோர்ந்துபோகும். தோப்புக்காரர் அடுத்த வருடம் உங்களை உள்ளே விடமாட்டார். ஓலைப் பெட்டியை அடைமழைக் காலத்தில் மூட்டையாகக் கட்டி வைத்தால் கரும்புள்ளி விழும். பங்குனி, சித்திரையில் முடைந்து ஆவணிக்குள் விற்றுவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

பனை யாருக்கு: கையில் காசு குறைவு, முடையத் தெரிந்த நாலு பெண்கள் ஊரில் உண்டு, ராமேசுவரத்தில் பிரசாதக் கடையோ கருவாட்டுக் கடையோ தெரிந்த ஆள் உண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம். மாதம் பத்தாயிரம் உருப்படி ஒரே அளவில் வேண்டும் என்று கேட்கிற கம்பெனிக்கு சப்ளை செய்யத்தான் ஆசை என்றால், ஓலை பக்கம் வராதீர்கள். இரண்டு கை ஒரே மாதிரி முடையாது.

## தென்னை

தென்னையில் இரண்டு வழி, இரண்டுக்கும் வெகு தூரம்.

முதல் வழி நார்க்கழிவு. ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் விழும். அதை அமுக்கிக் கட்டியாக்கி மண்ணுக்குப் பதில் விற்பது பொள்ளாச்சிக்காரர்கள் வெகுகாலமாகச் செய்யும் தொழில். தூளில் உள்ள உப்பைக் கழுவி, மின்கடத்தும் திறனை (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு அது) குறைத்துத்தான் ஏற்றுமதியே. நம் கரையில் விளைந்த தேங்காயில் உப்பு இன்னும் கூடுதல், கழுவக் கிடைக்கும் தண்ணீரும் உவர். உப்பை உப்பால் கழுவுவது எந்தக் கணக்கு? இதில் பொள்ளாச்சியோடு போட்டி போடுவதை நான் சொல்லமாட்டேன். தோப்புக்கே உரமாக்குவது வேறு விஷயம். சிப்பிக்காளான் விதையும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு நார்க்கழிவை மட்கச் செய்யும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ கொடுத்துவிட்டது.

இரண்டாம் வழி அழகானது. தேங்காய் மட்டையில் லிக்னின் ஏராளம். மரத்துக்கு மரத்தன்மையைத் தருகிற இயற்கைப் பிசின் அதுதான். மட்டையை முழுசாக, நாரும் தூளும் பிரிக்காமல், அரைத்து 150 டிகிரிக்கு மேல் சூடான தட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் லிக்னின் இளகி ஓடி, ஆறும்போது தானே இறுகிக்கொள்கிறது. வெளிப் பசை ஒரு சொட்டு வேண்டாம். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். அதையொட்டிச் சரக்கை அடுக்கும் அடித்தட்டு (பேலட்) வரை வந்திருக்கிறது. இளநீர்க் கடைகளுக்குப் பின்னால் குவிந்து கொசு வளர்க்கிற மட்டைக்குக்கூட இதில் ஒரு வழி கிடைக்கலாம்.

இடிக்கும் இடம் சூட்டு அழுத்த இயந்திரம். அது லட்சங்களில் இருக்கிறது, அதுவும் மூன்று கட்ட மின்சாரம் நிற்காமல் வர வேண்டும். பாதி அழுத்தத்தில் கரண்ட் போனால் அந்தப் பலகை அடுப்புக்குத்தான். மட்டை பருமனானது, எடை இல்லாதது. பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் லாரியில் கொண்டுவந்தால் நீங்கள் காற்றுக்கு வாடகை கொடுக்கிறீர்கள்.

தென்னை யாருக்கு: உச்சிப்புளி, மண்டபம் மாதிரி தோப்பு நெருக்கமாக உள்ள இடத்தில், நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து, வங்கிக் கடனைத் தாங்கும் தெம்பு இருந்தால். தனி ஆளுக்கு அல்ல.

## கடற்பாசி

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கரையில் எல்லோரும் 'பெப்சிப் பாசி' என்று கூப்பிடும் காப்பாபைகஸ்தான் இங்கே மிதவையில் வளர்ப்பது. பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், கடல் ஒத்துழைத்தால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் வரும். காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து வரும் கராஜினன் பிசினை வெந்நீரில் கரைத்து, கிளிசரின் சேர்த்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி மாதிரி படலம் கிடைக்கும். சமையலறையிலேயே செய்து பார்க்கலாம், முதல் தடவை பார்க்கும்போது மாயாஜாலம் மாதிரிதான் இருக்கும். லண்டனில் ஒரு நிறுவனம் பாசியிலிருந்து பொதியல் செய்து 2022-ல் எர்த்ஷாட் பரிசு வாங்கியது. வீடியோக்கள் எல்லாம் அங்கிருந்து ஆரம்பிப்பவைதான்.

இங்கே முதல் அளவுகோலை எடுங்கள். இது கழிவா? இல்லவே இல்லை, பயிர். ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் கராஜினன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பைக்கு அந்த விலை கட்டாது. பசும்பாசியைப் பிழிந்த சாறு பயிருக்குத் தெளிக்கும் ஊக்கியாக விற்கிறது. அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கியதே மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம்தான். சாறும் பிசினும் போன பிறகு மிஞ்சும் சக்கை இருக்கிறதே, அதுதான் கழிவு. அதில் காகிதம், அட்டை முயலலாம்.

அடுத்தது ஈரம். படலம் தண்ணீரை இழுக்கும். கரைக் காற்றில் ஒரு வாரம் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதையே சாதகமாக்கி, தண்ணீரில் போட்டால் கரைகிற சின்னப் பொட்டலம் செய்தால் உண்டு. சாம்பாரை ஊற்றிக் கட்ட ஆகாது.

கடலும் சொன்னபடி கேட்காது. வாடைக் காற்றுக் காலத்தில் மிதவை நிற்காது. தண்ணீர் சூடேறிப் பாசி கொத்துக்கொத்தாக அழிந்து 2013-ஐ ஒட்டி விளைச்சல் சரிந்ததைக் கரையில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாசி வெளியூர்ச் சரக்கு என்பதும் நினைவிருக்கட்டும். குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பவளம் போனால் மீனும் போகும்.

இடையில் ஒன்று. கரையில் ஒதுங்கும் கடல்தாழையை, அதாவது கடற்புல்லை, அள்ளிப் பலகை செய்யலாமே என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். அது ஒதுங்கிக் கிடப்பதே கரைமணலைப் பிடித்து வைக்கிறது.

பாசி யாருக்கு: ஏற்கனவே மிதவை வைத்திருக்கும் குழுவுக்கு, இரண்டாம் வருமானமாக மட்டும். வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருவதால் சாறு, பிசின் வேலைக்கு அந்தப் பக்கம் பார்ப்பது மேல்.

## வைக்கோலும் காளானும்

இது நான் விழுந்த குழி.

விஷயம் எளிது. வைக்கோலை நறுக்கி, வேகவைத்து, காளான் விதை கலந்து அச்சில் அடைத்து இருட்டில் வைத்தால் வெள்ளை இழை ஓடி எல்லாவற்றையும் தைத்துவிடும். காளான் முளைப்பதற்கு முன் எடுத்துச் சூட்டில் காயவைத்தால் தெர்மாகோல் போல இலேசான பொதி. அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய எகோவேட்டிவ் நிறுவனம் இதை வைத்தே வளர்ந்தது. நம் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பகுதி மாவட்டத்தின் நெற்களஞ்சியம், வைக்கோலுக்கு என்ன குறை என்று நினைத்தேன்.

தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் இயந்திரம் வைக்கோலை உருளையாகக் கட்டிப் போடும். ஒரே வாரத்தில் வியாபாரி லாரியோடு வந்துவிடுவார். நான் போனபோது, "மாட்டுக்கே பத்தலை, நீங்க பெட்டி செய்யப் போறீகளா?" என்று ஒரு ஆத்தா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. மழை பொய்த்த வருடம் வைக்கோலே கிடையாது.

இரண்டாவது அடி வெயில். இழை 25 டிகிரியை ஒட்டித்தான் சொகுசாக ஓடும். சித்திரையில் நம் கொட்டகையில் அது எங்கே கிடைக்கும்? ஈரச்சாக்கு தொங்கவிட்டேன், தண்ணீர் செலவானது. பச்சைப் பூஞ்சை விழுந்து அச்சு அச்சாகத் தூக்கிக் கொட்டினேன்.

மூன்றாவது என் முட்டாள்தனம். மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிக்குப் பதிலாக இதைச் செய்தால் கரை முழுக்க நம்முடையதுதான் என்று கணக்குப் போட்டேன். முப்பது பெட்டி செய்து, மீனும் ஐஸும் போட்டு ஒரு வியாபாரியிடம் கொடுத்தனுப்பினேன். ஐஸ் உருக உருகப் பெட்டி குடித்தது. மதுரை போவதற்குள் அடி பெயர்ந்து, மீன்வாடையோடு ஊறிய வைக்கோலாகப் போய்ச் சேர்ந்தது. அவர் பணம் கேட்கவில்லை, அதுவே பெரிய மனசு. வெளிப்புறம் மெழுகு பூசியிருக்கலாமே என்பீர்கள். பூசினேன். மடிப்பில் வெடித்தது.

உடைகிற காய்ந்த பொருளைப் பொதிய இது அருமையானது. கண்ணாடி, பீங்கான், சிப்பி அலங்காரப் பொருள். சந்தை சிறியது, ஆனால் விலை கொடுக்கிற சந்தை.

உமியைப் பற்றி இரண்டு வரி. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சூட்டைக் கட்டுக்குள் வைத்து எரித்த சாம்பல் சிமென்டில் ஒரு பங்கை மாற்றும். ஆலையில் கண்டபடி எரிந்த கருஞ்சாம்பல் அந்த வேலைக்குச் சரிவராது. ஹாலோ பிளாக் போடுகிறவர் மட்டும் யோசிக்கலாம்.

வைக்கோல் யாருக்கு: ஏற்கனவே காளான் வளர்த்து, குளிர்ச்சியான அறை வைத்திருப்பவருக்கு.

## வேலிக்கருவை

கமுதி, முதுகுளத்தூர் தொடங்கிக் கரை வரை கண்ணுக்கெட்டியது சீமைக்கருவேலம் என்கிற இந்த முள்மரம்தான். மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பல குடும்பங்களின் பிழைப்பு. கரி மூட்டையானபின் மிஞ்சும் தூளைத்தான் நான் கழிவு என்பேன். அதை மரவள்ளி மாவில் பிசைந்து கட்டியாக்கலாம், மண்கரியாக உவர் நிலத்தில் சாணத்தோடு போடலாம். இயந்திரம் சின்னது, தண்ணீர் குறைவு, கரி பூஞ்சை பிடிக்காது.

முள், புகை, கண்ணெரிச்சல் எல்லாம் தெரிந்த செலவு. தெரியாத செலவு சட்டம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னது, கண்மாயில் நிற்கும் மரம் அரசுடையது, ஏலத்தில்தான் எடுக்க முடியும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒழிய வேண்டிய மரத்தை நம்பி நாலு லட்சம் போட்டால், அது ஒழியக்கூடாது என்று நாமே வேண்ட ஆரம்பித்துவிடுவோம்.

கருவை யாருக்கு: மூட்டக்காரர்களோடு ஏற்கனவே பழக்கம் உள்ளவருக்கு, ஐந்தாறு வருடக் கணக்கில்.

## அந்த மூன்று பேருக்கு

உச்சிப்புளி அண்ணனிடம் அழுத்த இயந்திரத்தின் விலையைச் சொன்னேன். பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் பேசுகிறேன் என்றார். அதுவரை நார்க்கழிவை உரமாக்கித் தன் மரத்துக்கே போடச் சொல்லியிருக்கிறேன். அவர் தோப்பு ஓரத்தில் பதினேழு பனை நிற்கிறது, அதை இதுவரை எண்ணிக்கூடப் பார்த்ததில்லையாம்.

அக்கா சாறு பிழியப் போகிறார். சக்கையை ஒரு சாக்கில் காயவைத்து எனக்கு அனுப்புங்கள், பன்னாடையோடு சேர்த்து அழுத்திப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறேன்.

தம்பி எவ்வளவு சொல்லியும் காளான்தான் என்கிறார். வயது அப்படி. என் பழைய அச்சுகள் பரணில் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். மீன் பெட்டி அச்சை மட்டும் தரப்போவதில்லை.